சராசரிக் கணக்கில் மறைந்த மலை

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் பிரயாணம் செய்கிறவர்கள், ஆம்பூரைத் தாண்டியதும் இடது கைப் பக்கத்து ஜன்னல் வழியாக நோக்கினால், தென்திசையை அடைத்துக்கொண்டு நீல நிறமான மலைத்தொடர் ஒன்று நீண்டு செல்வதைக் காணலாம். பாலாற்றுப் பள்ளத்தாக்குக்கு மதில் எடுத்தாற்போல் நிற்கும் அந்தத் தொடருக்கு ஜவ்வாது மலை என்று பெயர். உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் வாய்த்த கீர்த்தி இந்த மலைக்கு வாய்க்கவில்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள் இங்கே கோடை மாளிகைகள் கட்டவில்லை. ஆகையால் மலைக்கு ரயிலும் வரவில்லை, பேர் பெற்ற பாடசாலைகளும் வரவில்லை. பெயரில் வாசனை இருந்தும், புகழில் வாசனை இல்லாமல் போன மலை இது.

மலைக்கு ஏற நாலா பக்கங்களிலும் வழி உண்டு. கிழக்கே போளூரிலிருந்து ஏறலாம். தெற்கே செங்கத்திலிருந்து ஏறலாம். மேற்கே திருப்பத்தூரிலிருந்து புதூர் நாட்டுக்குப் போகலாம். வடக்கே வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூரை அடையலாம். எந்த வழியாகச் சென்றாலும், சமவெளியின் வெப்பம் வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே போய், மேலே ஏறியதும் உடம்புக்கு இதமான குளிர்ந்த காற்று வந்து எதிர்கொள்ளும். சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. புளி, பலா, சீத்தாப்பழம், கடுக்காய், தேன் ஆகியவை மலையின் மற்றச் செல்வங்கள். செய்யாறு உற்பத்தியாவது இந்த மலையில்தான். பீமன் மடவு அருவியின் அழகை ஒரு முறை கண்டவர்கள், இன்னும் சில நாட்கள் தங்கியிருக்கலாகாதா என்று ஏங்காமல் திரும்ப மாட்டார்கள்.

ஆனால், இந்தக் கட்டுரையில் அருவியின் அழகைப் பற்றி எழுத உத்தேசமில்லை. மலையில் வாழும் மனிதர்களைப் பற்றியும், அவர்களுடைய குழந்தைகளின் கல்வியைப் பற்றியும், அந்தக் கல்வியை நாம் எப்படிக் கணக்கெடுக்கிறோம் என்பதைப் பற்றியுமே எழுத எண்ணம்.

மலையை ஆளும் மலையாளிகள்

ஜவ்வாது மலையின் குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டதும் கேரள தேசத்தாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்களுடைய பாஷை தமிழ். மலையில் வாழ்கிறவர்கள், மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது. ஜவ்வாது மலையில் மட்டுமின்றி, ஏலகிரி, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி மலை ஆகிய இடங்களிலும் இந்த ஜனங்கள் வாழ்கிறார்கள். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ் நாட்டின் பழங்குடியினர் 7 லட்சத்து 94 ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் மலையாளிகள் மட்டும் ஏறக்குறைய 3 லட்சத்து 58 ஆயிரம் பேர். அதாவது, நம் மாகாணத்துப் பழங்குடிகளில் மிகப் பெரிய பிரிவினர் இவர்களே.

இவர்கள் மலைக்கு வந்த வரலாற்றைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய பெரிய நூலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. கங்குந்தி என்னும் ஊரில் இருந்த வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்டார்களாம். வேளாளர்கள் மறுத்து ஏளனம் செய்யவே, வேடர்கள் சினங்கொண்டு ஏழு கன்னிப் பெண்களைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். பெண்களை மீட்பதற்காக ஏழு வேளாள வாலிபர்கள் ஏழு நாய்களுடன் புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால், நாங்கள் இறந்துவிட்டதாக எண்ணிக் கருமாதியை நடத்திவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுச் சென்றார்கள். பாலாற்றில் வெள்ளம் கரை புரண்டு ஓடிற்று. மனிதர்கள் எப்படியோ நீந்திக் கடந்தார்கள். நாய்களோ பாதி ஆற்றிலிருந்து திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தன. வேடர்களை வென்று இவர்கள் ஊருக்குத் திரும்பியபோது, மனைவிமார்கள் விதவைக் கோலத்தில் இருந்தார்கள், கருமாதியும் முடிந்திருந்தது. உயிரோடு வந்தவர்களை இறந்தவர்கள் என்றே ஊர் ஒதுக்கி வைத்தது. அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறி, காட்டைத் திருத்திப் பயிரிட்டு வாழலானார்கள் என்று கதை முடிகிறது.

இந்தக் கதை சரித்திரம் ஆகுமா என்று பண்டிதர்கள் ஆராயட்டும். ஆனால், கதையின் உட்பொருளைக் கவனியுங்கள். உயிரோடிருப்பவர்களை இறந்தவர்களாகக் கணக்கில் எழுதிவிட்டதனால் ஒரு ஜனசமூகமே மலைக்குப் போக நேர்ந்ததாம்! கணக்கில் தவறுவது என்பது இவர்களுக்குப் புதிய அனுபவம் அல்ல என்று நினைக்கத் தோன்றுகிறது.

எழுத்தறிவு இந்த மலைக்கு அயலானது என்றும் எண்ணிவிடக்கூடாது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனுடைய நாட்டையும் மலையையும் பாடுவதற்கென்றே எழுந்த நூல். அந்தச் செங்கம், ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர். செங்கம் வட்டாரத்தில் ஆநிரை மீட்டுப் பட்ட வீரர்களுக்கு நாட்டிய நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. பல்லவர் காலத்து வட்டெழுத்துக்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ் நாட்டுத் தொல்பொருள் இலாகா 1972-இல் அவற்றை ஒரு நூலாகவே வெளியிட்டது. மாடு மீட்ட சாமானிய வீரனுடைய பெயரைக் கல்லில் எழுதி வைத்த நாடு இது. அந்த வீரனுடைய மலைப் பக்கத்துப் பேரப் பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதப் படிக்க ஆயிரத்து நானூறு வருஷம் காத்திருக்கவேண்டியதாயிற்று என்றால், குறை மலையில் இல்லை. எங்கோ வேறிடத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு பாடம்

இன வேற்றுமையையும் கல்வியையும் சேர்த்து வைத்து ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் போன்ற களம் உலகத்தில் வேறில்லை. பஞ்சாப் சிங்கம் லாலா லஜபதி ராய் அங்கே சென்று தங்கி, 1916-இல் வெளியிட்ட நூலில், அந்த நாட்டுக் கறுப்பு மக்களின் கல்வி நிலையை விசேஷமாக ஆராய்ந்து எழுதினார். நம் நாட்டுத் தாழ்த்தப்பட்டோரின் நிலைமை அவர் உள்ளத்தில் இருந்தபடியால்தான் அந்த ஆராய்ச்சியில் அவர் புகுந்தார். அவருடைய நண்பரான டுபாய்ஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞர், அதற்கும் முன்னதாக 1899-இல், பிலடெல்பியா நகரத்துக் கறுப்பு மக்களைப் பற்றிய ஆராய்ச்சி நூலை வெளியிட்டிருந்தார். வீடு வீடாகச் சென்று விசாரித்து அவர் கண்ட முடிவு இதுதான்: ஜனங்களின் பின்தங்கிய நிலைக்குக் காரணம் அவர்களுடைய ரத்தம் அல்ல, அவர்களுக்குக் கிடைத்த வேலையும், வீடும், அவர்களைச் சூழ்ந்திருந்த துவேஷமுமே காரணம்.

இன்றைய அமெரிக்க நகரங்கள் சிலவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். டெட்ராய்ட் நகரத்து ஜனங்களில் முக்கால் பங்குக்கு மேல் கறுப்பினத்தார். வயது வந்தவர்களில் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறமாட்டார்கள். சியாட்டில் நகரத்தில் கறுப்பினத்தார் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். பட்டம் பெற்றவர்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இவ்விரண்டு நகரங்களை மட்டும் பார்ப்பவன், கறுப்பு நிறம் மிகுந்தால் கல்வி குறையும் என்று அவசரமாக முடிவு கட்டிவிடுவான். ஆனால், தலைநகரமாகிய வாஷிங்டனைப் பாருங்கள். அங்கே பத்தில் நான்கு பேர் கறுப்பினத்தார். ஆயினும் பட்டதாரிகள் நூற்றுக்கு அறுபதுக்கு மேல்! நிறத்துக்கும் கல்விக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது சந்தோஷப்படலாமா?

சற்றுப் பொறுக்கவேண்டும். வாஷிங்டன் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், வெள்ளையரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பட்டதாரிகள். கறுப்பினத்தாரில் சுமார் முப்பது பேர். நகரத்தின் சராசரி உயர்ந்து நிற்கிறது. நகரத்துக்குள் இருக்கும் பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. சராசரி என்பது ஒரு சால்வை. அழகாகப் போர்த்திவிட்டால், உள்ளே கிழிந்த சட்டை இருப்பது யாருக்குத் தெரியும்?

டெட்ராய்ட் ஏன் அப்படியாயிற்று? மோட்டார் தொழில் நலிந்தது. வெள்ளையர்கள் நகரத்தை விட்டுப் புறநகர்களுக்குப் போனார்கள். அமெரிக்காவில் பாடசாலைகளுக்கு வேண்டிய பணத்தில் பெரும் பகுதி அந்தந்த ஊரின் சொத்து வரியிலிருந்து வருகிறது. பணக்காரர் போன ஊரில் பாடசாலையும் ஏழையாயிற்று. நிறத்தைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், டெட்ராய்ட் நகரத்தையும் அதன் புறநகர்களையும் ஒன்று சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கும் ஏற்பாட்டை 1974-இல் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. பிரித்து வைத்த குற்றம் புறநகர்களுடையது என்று காட்டப்படாதவரையில் அவற்றின் எல்லைக் கோட்டைக் கடக்கலாகாது என்று சொல்லிவிட்டது. 1954-இல் சட்டம் இடித்துத் தள்ளிய சுவரை, 1974-இல் ஓர் எல்லைக் கோடு மறுபடியும் எழுப்பிவிட்டது.

நம்முடைய கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2011-ஆம் வருஷக் கணக்கில் தமிழ் நாட்டில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரை மட்டும் தனியே எண்ணினால் நூற்றுக்கு 54 பேர்தான். அவர்களிலும் பெண்கள் 47 பேரை எட்டவில்லை. பத்து வருஷத்துக்கு முன், 2001-இல், இந்தக் கணக்கு இன்னும் கீழே இருந்தது: மாகாணம் முழுவதற்கும் 73, பழங்குடியினருக்கு 41. ஆகவே முன்னேற்றம் இல்லாமல் இல்லை. ஆனால், மாகாணம் 2001-இல் நின்ற படியைப் பழங்குடியினர் 2011-இலும் எட்டவில்லை.

பழங்குடியினர் என்றாலே இப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்கிறவர்கள் வடகிழக்கே மிஜோரத்தைப் பார்க்கவேண்டும். அங்கே ஜனங்களில் நூற்றுக்கு 94 பேர் பழங்குடியினர். எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 91 பேர். தமிழ் நாட்டின் மொத்தக் கணக்கைவிட அது எவ்வளவோ மேல்! அந்த மக்களின் பாஷைக்கு 1894-க்கு முன்னால் எழுத்தே கிடையாது. கிறிஸ்துவப் பாதிரிமார்கள் இருவர் அந்த வருஷத்தில் அங்கே சென்று ரோமன் எழுத்தில் நெடுங்கணக்கு அமைத்துக் கொடுத்தார்கள். ஒரு நூற்றாண்டுக்குள் அந்த மலைநாடு இந்தியாவின் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. நம் ஜவ்வாது மலையாளிகளுக்கோ எழுத்தும் இலக்கியமும் ஈராயிரம் வருஷமாக உள்ள தமிழே தாய்மொழி. அவர்கள் பின்தங்குவதற்கு ரத்தமும் காரணமல்ல, மலையும் காரணமல்ல, பாஷையும் காரணமல்ல என்பது இதனால் விளங்கும்.

நம் மாகாணத்து மலைகளையே ஒன்றோடொன்று ஒப்பிடுவோம். நீலகிரி ஜில்லாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 85 பேர். அங்கேயே தோடரும் கோத்தரும் கல்வியில் முன்னே நிற்க, பணியர்கள் பின்னே நிற்கிறார்கள். பணியர்கள் பல தலைமுறைகளாக நிலச்சுவான்தார்களிடம் அடிமைப்பட்டு உழைத்தவர்கள் என்பதை நினைத்தால் காரணம் தானே தெரியும். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களும், 1917-இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி போன்ற கீர்த்தி பெற்ற கலாசாலைகளும் இருக்கின்றன. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள்; அதே மலையின் மலையாளிக் கிராமத்துப் பிள்ளைகளுக்கோ அந்தப் பள்ளிகள் எட்டாக் கனி. கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலிருந்து விடுபட்டது 1976-இல்தான். நாடு சுதந்திரமடைந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து அந்த மலைக்குச் சுதந்திரம் வந்தது! சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூனில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்த அதிகாரிகளால் மலையாளிப் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் நேர்ந்த கொடுமையைத் தமிழ் நாடு அறியும். குற்றவாளிகள் தண்டனை பெற்றது 2011-இல். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். ஒரே பெயருள்ள ஜனங்கள். ஆனால், மலைக்கு மலை தலைவிதி வேறு. விதியை எழுதியது பிரமனல்ல, சர்க்காரும் சமூகமும்தான்.

மூன்று துண்டு மலை

ஜவ்வாது மலைக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. பழைய நாளில் திருப்பத்தூர்ப் பக்கம் சேலம் ஜில்லாவில் இருந்தது. 1911-இல் அது வட ஆற்காட்டோடு சேர்ந்தது. 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி ஜில்லா ஆயிற்று. 2019-இல் வேலூர் ஜில்லா மூன்றாகப் பிரிந்து திருப்பத்தூர் தனி ஜில்லா ஆயிற்று. இதனால், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில் இருக்கிறது. புதூர் நாடும் நெல்லிவாசல் நாடும் திருப்பத்தூரில் இருக்கின்றன. பீஞ்சமந்தை வேலூரில் இருக்கிறது. மலை ஒன்று, கலெக்டர்கள் மூவர். கொண்டான் கொடுத்தான் உறவு உள்ள குடும்பங்கள் மூன்று கச்சேரிகளில் மனுக் கொடுக்கிறார்கள்.

கணக்குப் புத்தகத்திலும் இதே கதைதான். 2011-இல் திருவண்ணாமலை ஜில்லாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 74 பேர். அப்போது பிரியாதிருந்த வேலூர் ஜில்லாவில் 79 பேர். திருவண்ணாமலை ஜில்லாவின் பழங்குடியினர் சுமார் 91 ஆயிரம் பேர். ஜில்லா ஜனத்தொகையில் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை. நூறு பேர் கொண்ட பந்தியில் நால்வர் இலையில் சோறு விழாவிட்டாலும், பந்தி நிறைந்தது என்றே பரிசாரகன் சொல்லுவான். டெட்ராய்ட்டில் ஓர் எல்லைக் கோடு செய்ததை இங்கே மூன்று எல்லைக் கோடுகள் செய்கின்றன. மூன்று ஜில்லாக்களின் சராசரியிலும் மலை கரைந்துபோகிறது.

பள்ளிக்கூடங்களும் இவ்வாறே பல துரைத்தனத்தின் கீழ் இருந்து வந்திருக்கின்றன. பஞ்சாயத்து யூனியன் பள்ளிகள் ஒரு பக்கம். பழங்குடியினர் நல இலாகா நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஒரு பக்கம். இவை போதாவென்று, மரத்தைக் காக்கவேண்டிய வன இலாகா நடத்தும் பள்ளிகளும் இந்த மலையில் உண்டு! இந்தப் பல இலாகாப் பள்ளிகளையும் கல்வி இலாகாவின் கீழ் ஒன்று சேர்க்கப்போவதாக 2023-ஆம் வருஷ வரவு செலவுத் திட்டத்தில் தமிழ் நாட்டு சர்க்கார் அறிவித்தது. வன இலாகா நடத்துவது தவறு என்று நான் சொல்லவில்லை. வேறு யாரும் எட்டிப் பார்க்காத இடங்களில் அந்த இலாகா பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தது புண்ணியம்தான். ஆனால், ஒரு குழந்தை ஐந்தாம் வகுப்பில் ஓர் இலாகாவின் பிள்ளையாகவும், ஆறாம் வகுப்பில் வேறோர் இலாகாவின் பிள்ளையாகவும் இருக்குமானால், நடுவில் அது பள்ளியை விட்டு நின்றுபோனால் பொறுப்பு யாருடையது?

மலைக் கிராமம் என்பது சமவெளிக் கிராமம் போல் ஒரே இடத்தில் நெருங்கி இருப்பதில்லை. இங்கே பத்து வீடு, ஓடைக்கு அப்பால் இருபது வீடு, மேட்டுக்குப் பின்னால் மற்றொரு கொத்து என்று சிதறிக் கிடக்கும். ஆரம்பப் பள்ளி அருகே இருந்தாலும், உயர்நிலைப் பள்ளிக்குக் காட்டு வழியே நெடுந்தூரம் நடக்கவேண்டும். இல்லையேல் விடுதியில் தங்கவேண்டும். வயது வந்த பெண்ணைக் காட்டு வழியே தனியே அனுப்பத் தாய் அஞ்சுகிறாள். படிப்பு நிற்கிறது, கல்யாணம் முந்திக்கொள்கிறது. நல்ல பாதை இல்லாத இடத்தில் உபாத்தியாயரும் நிலையாகத் தங்குவதில்லை. பாதையின்மை படிப்பை மட்டும் கெடுப்பதில்லை, உயிரையும் வாங்குகிறது. 2023 மே மாதத்தில், வேலூர் ஜில்லா அல்லேரி மலைப் பக்கத்து அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. உரிய காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்தது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், பாதை இல்லாமையால் நடுவழியில் நின்றுவிட, பெற்ற தாய் அதைக் கையில் சுமந்துகொண்டு மலை ஏறினாள். அந்தச் செய்தியைப் படித்துக் கண் கலங்காதவர்கள் இருக்க முடியாது. கண் கலங்கியதோடு நாம் நின்றுவிட்டோமா என்பதே கேள்வி.

பிழைப்பின் நிலைமையையும் சொல்லவேண்டும். மானாவாரிச் சாமை விளைச்சல் வருஷம் முழுவதும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாது. அறுவடை முடிந்ததும் ஆண்களும் பெண்களும் மலை இறங்கிக் காப்பித் தோட்டங்களுக்கும் தொழில் நகரங்களுக்கும் கூலி வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளும் கூடவே போகிறார்கள்; பள்ளிப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கிறது. இந்த வறுமையைத்தான் செம்மரக் கள்ளக் கடத்தல்காரர்கள் தங்களுக்கு முதலாக்கிக்கொண்டார்கள். கோடரி பிடிக்கத் தெரிந்த மலைவாசிகளுக்கு முன்பணம் கொடுத்து, ஆந்திர தேசத்துச் சேஷாசலம் காடுகளுக்கு அழைத்துச் சென்றார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி அந்தக் காட்டில் ஆந்திரப் போலீஸ் படையினரால் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்காரர்களே அவர்களில் பெரும்பாலோர். ஜவ்வாது மலைக் குடும்பங்களிலும் ஒப்பாரி எழுந்தது. மரத்தின் விலையில் பெரும் பங்கை அனுபவித்தவர்கள் எங்கேயோ சௌக்கியமாக இருந்தார்கள். குண்டு பாய்ந்தது கூலிக்காரன் மார்பில்.

படிக்க விரும்பும் பிள்ளைக்கும் ஒரு தடை உண்டு. அதுதான் ஜாதிச் சான்றிதழ். பழங்குடியினருக்கான சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது; கோட்டாட்சியர் விசாரித்துக் கொடுக்கவேண்டும். கள்ளச் சான்றிதழ்களைத் தடுக்க ஏற்பட்ட விதி, உண்மையான மலைவாசியையும் பல முறை மலை இறங்கி ஏற வைக்கிறது. மலையாளி என்ற பெயர் பழைய தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, புதுக்கோட்டை ஜில்லாக்களுக்கு மட்டுமே பட்டியலில் ஏற்றப்பட்டது. ஈரோட்டுப் பக்கத்து மலைகளில் வாழும் அதே ஜனங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். இங்கேயும் எல்லைக் கோடுதான்!

நட்சத்திரமும் நாட்டுப் பிள்ளையும்

இந்த மலையில்தான் காவலூர் இருக்கிறது. 725 மீட்டர் உயரத்தில், நகரத்து வெளிச்சம் படாத காட்டு நடுவே, வான சாஸ்திரிகள் 1960-க்களின் பிற்பகுதியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தார்கள். யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்பதற்கு 1977 மார்ச்சில் கிடைத்த சாட்சியங்களில் ஒன்று இங்கிருந்து கண்டது. 1986-இல் 2.34 மீட்டர் அகலமுள்ள பெரிய தொலைநோக்கி இங்கே திறக்கப்பட்டது. நிலையத்துக்கும் தொலைநோக்கிக்கும் வைணு பாப்பு என்ற வான சாஸ்திரியின் பெயர் சூட்டப்பட்டது. 1988-இல் இங்கே கண்டுபிடித்த சிறு கிரகம் ஒன்றுக்கு நம் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைத்தார்கள். பாரத நாட்டுக்கு இவை பெருமை தரும் சாதனைகள் என்பதில் சந்தேகமில்லை. கோடானு கோடி மைல் தூரத்துக் கிரகத்தின் வளையத்தைக் காட்டிய இந்த மலைக்கு, நாலு மைல் தூரத்துக் குடிசையில் பள்ளிக்குப் போகாத சிறுமியை நமக்குக் காட்டும் தொலைநோக்கி ஒன்றும் வேண்டியிருக்கிறது. அந்தத் தொலைநோக்கிக்குத்தான் நேர்மையான புள்ளிக் கணக்கு என்று பெயர்.

சிறுமி படித்தால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது. ஜவ்வாது மலைப் புலியூர்க் கிராமத்தைச் சேர்ந்த ஸ்ரீமதி ஸ்ரீபதி, ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பை முடித்துச் சட்டம் பயின்று, சிவில் நீதிபதி உத்தியோகத்துக்கான பரீட்சை எழுதினார். குழந்தை பிறந்து இரண்டே நாள் ஆகியிருந்த சமயத்தில் சென்னைக்குப் பிரயாணம் செய்து பரீட்சை எழுதினார் என்ற செய்தி நாட்டையே வியக்க வைத்தது. 2024 பிப்ரவரியில், இருபத்து மூன்றாவது வயதில், அவர் தேர்ச்சி பெற்ற விவரம் வெளியாயிற்று. முதல் மந்திரி முதல் பலரும் பாராட்டினார்கள். பாராட்டு உரியதே. ஆனால், ஒரு பெண் நீதிபதியாவதற்கு இவ்வளவு வீரச் செயல் தேவைப்பட்டது என்பது அவருக்குப் பெருமை; நமக்குப் பெருமையா? இந்த மலையின் அடுத்த பத்துப் பெண்கள் எந்த வீரச் செயலும் செய்யாமல், சாதாரணமாகப் படித்து, சாதாரணமாக உத்தியோகம் பெறும் நாள் வரவேண்டும். அதற்குப் பெயர்தான் சுயராஜ்யம்.

செய்யவேண்டியது என்ன?

தக்கர் பாபா 1922-இல் பில் ஜாதியாரிடையே சேவா மண்டலம் அமைத்தபோது, சர்க்கார் நம் கையில் இல்லை, பணமும் இல்லை. மனம் மட்டும் இருந்தது. இன்று சர்க்கார் நம்முடையது. பகலுணவும் காலை உணவும் பள்ளியில் கொடுக்கும் மாகாணம் இது. ஆகையால், கேட்பது பெரிய காரியமல்ல.

முதலாவது, மலையை மலையாக எண்ணவேண்டும். 2021-இல் நடந்திருக்கவேண்டிய ஜனத்தொகைக் கணக்கு நடைபெறவில்லை. 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டு அடுத்த கணக்கு எடுக்கப்படும் என்று இந்திய சர்க்கார் 2025 ஜூனில் அறிவித்தது. அந்தக் கணக்கைக் கொண்டு, மூன்று ஜில்லாக் கிராமங்களையும் சேர்த்து, ஜவ்வாது மலை முழுவதற்கும் ஒரே அட்டவணை தயாரிக்கவேண்டும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஐந்தாம் வகுப்போடு நின்றவர் எத்தனை, பத்தாம் வகுப்புத் தாண்டியவர் எத்தனை என்று பிரித்துச் சொல்லவேண்டும். இரண்டாவது, மூன்று கலெக்டர்களும் வருஷத்துக்கு ஒரு முறையாவது மலை மேல் ஒன்றுகூடி அந்த அட்டவணைக்குப் பதில் சொல்லவேண்டும். மூன்றாவது, பெண் குழந்தைகளுக்கு நம்பிக்கையான விடுதிகளும், விடுதி வரை செல்லும் பாதையும் வேண்டும். நான்காவது, மலையில் பிறந்து படித்த வாலிபர்களையும் பெண்களையும் மலைப் பள்ளிகளுக்கு உபாத்தியாயர்களாக நியமிக்கவேண்டும். அவர்கள் மழைக்காலத்திலும் ஊரை விட்டு ஓடமாட்டார்கள். ஐந்தாவது, சான்றிதழ் விசாரணையை, குழந்தை பள்ளியில் சேரும் வருஷத்திலேயே மலைக்கு வந்து முடித்துக் கொடுக்கவேண்டும்.

கோடை விழாவுக்கும் அருவிக்கும் ஜவ்வாது மலைக்குச் செல்லும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாமையும் தேனும் பேரம் பேசாமல் வாங்குங்கள். அதோடு, வழியில் தென்படும் பள்ளிக்கூடத்தில் ஐந்து நிமிஷம் நின்று, எட்டாம் வகுப்பில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். திரும்பி வந்ததும் அந்த எண்ணை உங்கள் சட்டசபை அங்கத்தினருக்கு ஒரு கடிதத்தில் எழுதுங்கள். அவர் எந்த ஜில்லாக்காரராக இருந்தாலும் சரி.